நூல் விலையும் ஆயுள் கணக்கும்

உங்கள் வீட்டுப் பெண் கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, "நான் ஆக்சுவரிக்குப் படிக்கப் போகிறேன்" என்று ஒரு நாள் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "அது என்னடி படிப்பு? டாக்டர் தெரியும், வக்கீல் தெரியும், என்ஜினீயர் தெரியும். இதை யார் கண்டார்கள்?" என்றுதான் கேட்பீர்கள். "மனிதர்களுக்கு வரக்கூடிய ஆபத்துக்களைக் கணக்குப் பார்த்து, அதற்கு இன்ன விலை என்று சொல்லுகிற படிப்பு, அம்மா" என்பாள் அவள். "கணக்குத்தானே! உனக்குத்தான் கணக்கு வெல்லமாயிற்றே!" என்று நீங்களும் சம்மதித்துவிடுவீர்கள்.

ஆனால் புத்தகங்கள் வந்து இறங்கியதும் உங்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். புள்ளியியல் இருக்கும், கூட்டு வட்டி இருக்கும். அவற்றின் நடுவே பொருளாதாரப் புத்தகம் ஒன்றும் கனமாக உட்கார்ந்திருக்கும். தேவை, அளிப்பு, விலை, போட்டி, அந்நியச் செலாவணி! "மனிதன் ஆயுளைக் கணக்கிடப் போகிறவளுக்கு நூல் விலை ஏன் தெரிய வேண்டும்?" என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்விதான்.

1944-ல் ஒரு சங்கமாக ஆரம்பித்து, 2006-ம் வருஷத்துச் சட்டத்தால் 'இன்ஸ்டிடியூட் ஆப் ஆக்சுவரீஸ் ஆப் இந்தியா' என்று ஆன ஸ்தாபனந்தான் நம் தேசத்தில் இந்தப் பரீட்சைகளை நடத்துகிறது. 2019-ல் வந்த அதன் பாடத் திட்டத்தில் 'பிசினஸ் எகனாமிக்ஸ்' என்று தனியாக ஒரு தாளே உண்டு. வியாபாரத்தில் தீர்மானம் எடுப்பதற்கு உதவும் பொருளாதாரம் என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். சென்னைப் பல்கலைக் கழகத்திலும், திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியிலும் இந்தத் துறையில் எம்.எஸ்ஸி. படிக்கிற மாணவிகளும் இதிலிருந்து தப்ப முடியாது.

ஏன் என்ற கேள்விக்கு விடை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதைவிடத் தெளிவாகத் திருப்பூரின் தெருக்களில் இருக்கிறது. வாருங்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கைம்பெண்களுக்காகப் பிறந்த கணக்கு

அதற்கு முன்னால் இந்தக் கணக்கின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வால் நட்சத்திரத்தினால் பெயர் பெற்றாரே ஹாலி, அந்த வானசாஸ்திரி 1693-ல் ப்ரெஸ்லா என்னும் நகரத்தின் ஜனன மரணக் கணக்கை வாங்கி, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று ஓர் அட்டவணை போட்டார். பிறகு 1744-ல் ஸ்காட்லாந்தில், இறந்துபோன பாதிரிமார்களின் மனைவி மக்களுக்கு உதவுவதற்காக ஒரு நிதி ஏற்பட்டது. ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு பாதிரிமார்கள், வருஷத்துக்கு எத்தனை பேர் இறப்பார்கள், எத்தனை கைம்பெண்கள் மிஞ்சுவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அந்த நிதியை அமைத்தார்கள். தாலி இழந்தவளின் அடுப்பு அணையாமலிருக்க வேண்டும் என்ற கவலையில் வளர்ந்த சாஸ்திரம் இது. 1956 செப்டம்பர் முதல் தேதி நம் தேசத்தில் தோன்றிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனும் அதே கவலையின் வாரிசுதானே?

இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது என்று ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் ஆயிரம் பட்டறைகள். ஒவ்வொன்றிலும் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு. வருஷத்தில் ஆயிரத்துக்கு ஒன்று தீயில் போகிறது என்று அனுபவம் சொல்லுகிறதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்தை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆயிரம் ரூபாய். கணக்குச் சொல்லும் விலை அவ்வளவுதான். ஆனால் கம்பெனி தன் செலவையும் லாபத்தையும் சேர்த்து 1,300 ரூபாய் கேட்கிறது. பட்டறைக்காரரும் கொடுக்கிறார். தெரிந்தே 300 ரூபாய் கூடக் கொடுக்கிறாரே, அவர் என்ன அசடா?

இல்லை. 1,300 ரூபாய் போனால் அந்த மாதம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 10 லட்சம் போனால் வீடே தெருவுக்கு வந்துவிடும். பின்னதை முன்னதின் இத்தனை மடங்கு என்று ரூபாயால் மட்டும் அளந்துவிட முடியாது. டேனியல் பெர்னூலி என்ற கணித மேதை 1738-லேயே இதை விளக்கினார். ஏழைக்கு ஒரு ரூபாயின் அருமை வேறு, பணக்காரனுக்கு வேறு. மாதக் கடைசியில் நூறு ரூபாயின் அருமை என்ன என்பதை உங்களுக்கு எந்தப் பெர்னூலியும் சொல்லித் தர வேண்டியதில்லை!

ஒரே கூடையில் எல்லா முட்டையும்

இப்போது திருப்பூருக்குள் நுழைவோம். 1925-ம் வருஷ வாக்கில் பனியன் பின்னும் இயந்திரம் வந்து சேர்ந்த ஊர் இது. வெகு காலம் உள்நாட்டு ஆண்களுக்கு வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டிருந்தது. 1970-களின் கடைசியில் அந்நிய வியாபாரிகளின் பார்வை பட்டது. 1985-ல் 15 கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு வளர்ந்திருக்கிறது. 2009-ல் தனி ஜில்லாவாகவே ஆகிவிட்டது திருப்பூர்.

இந்த ஊரின் விசேஷம் என்ன தெரியுமா? ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், வெளுப்பதும் சாயமும் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர் டேபிளில் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் அடிப்பது இன்னோரிடம், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மற்றோரிடம். துணி தெருத் தெருவாக வேனில் ஊர்வலம் போகிறது. ஊசி உடைந்தால் அடுத்த தெருவில் ஊசி. தையல்காரர் வரவில்லையென்றால் அடுத்த வீதியில் தையல்காரர். ஒரே தொழில் ஒரே ஊரில் இப்படிக் கூடுவதால் கைத்திறனும் உபதொழிலும் தொழில் ஞானமும் பெருகும் என்று ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1890-ல் எழுதினார். திருப்பூரைப் பார்க்காமலே திருப்பூரைப் பற்றி எழுதிவிட்டார் மனிதர்!

ஆனால் ஆக்சுவரி மாணவி இதே காட்சியைப் பார்த்துக் கவலைப்படுவாள். மேலே சொன்ன தீ விபத்துக் கணக்கு எதனால் பலித்தது? ஒரு பட்டறை எரிகிற அன்று மற்ற 999 பட்டறைகளும் நன்றாயிருந்ததால்தான். ஆபத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வந்தால்தான் ஆயிரம் பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிவிடலாம். ஆயிரம் பேருக்கும் ஒரே நாளில் வந்துவிட்டால்? யார் யாரைத் தூக்குவது? திருப்பூரின் பலம் எதுவோ, அதுவேதான் அதன் ஆபத்தும்.

இது வெறும் கற்பனையல்ல. அமெரிக்கா 2025 ஆகஸ்டு 7-ந் தேதி இந்தியச் சரக்குகளின் மேல் 25 சதவீதமும், அதே மாதம் 27-ந் தேதி மேலும் 25 சதவீதமும் கூடுதல் வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்கார வியாபாரி வாஷிங்டனில் நடந்ததைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "ஆர்டரை நிறுத்தி வை" என்று ஒரு வரி எழுதினால் போதும். செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வார ஷிப்டு குறைந்துவிடும். ஆயுள் அட்டவணையில் இதற்கு இடமில்லை. பொருளாதாரப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது.

நொய்யல் கொடுத்த கடன்

இன்னொரு பாடத்தை நொய்யல் ஆற்றின் கரையில் நின்றுதான் படிக்க வேண்டும். சாயப்பட்டறைத் தண்ணீர் பல வருஷங்கள் அந்த ஆற்றில் இறங்கிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி நின்றது. கீழே இருந்த குடியானவர்களின் நிலமும் கிணறும் உப்பேறிப் போயின.

பனியன் விலைச் சீட்டில் நூலுக்கு எழுதினார்கள், சாயத்துக்கு எழுதினார்கள், கூலிக்கு எழுதினார்கள். குடியானவரின் கிணற்றுக்கு மட்டும் யாரும் எழுதவில்லை. அந்தச் செலவை அவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் மலிவாய் உடுத்தினோம். ஒருவர் செய்கிற வியாபாரத்தின் நஷ்டம் சம்பந்தமில்லாத இன்னொருவர் மேல் விழுவதைத்தான் 'புறவிளைவு' என்கிறார்கள். பிகூ என்ற அறிஞர் 1920-ல் இதைப் பற்றி விஸ்தாரமாய் எழுதினார். விலையில் சேர வேண்டியதை எப்படியாவது சேர்த்தே தீர வேண்டும் என்பது அவர் கட்சி.

கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் உத்தரவின் பேரில் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே ஸ்தம்பித்தது. ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே போகாதபடி சுத்திகரித்து, தண்ணீரைத் திரும்ப உபயோகிக்கும் முறைக்கு வந்த பிறகே அவை மீண்டும் ஓடலாயின. அந்தச் சுத்திகரிப்புச் செலவு சாயக் கூலியில் ஏறியது. எழுதாமல் விட்ட கடன், வட்டியோடு வந்து கதவைத் தட்டிற்று.

ஆபத்தைக் கணக்கிடுகிறவள் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்கிறாள்? "இந்தத் தொழிலில் இன்று லாபம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "இதன் நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்? அவர்கள் எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

குறைந்த விலைக்கு ஆர்டர் எடுக்கலாமா?

'தீர்மானம் எடுப்பதற்கு' என்று சொன்னோம் அல்லவா? முதலாளியின் மேஜைக்கே போய்விடுவோம். ஒரு சட்டைக்கு நூல், நிட்டிங், சாயம், தையல் எல்லாம் சேர்ந்து 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டட வாடகை, பாங்க் வட்டி, ஆபீஸ் சம்பளம் ஆகியவற்றைப் பங்கிட்டால் சட்டைக்கு 30 ரூபாய். ஆக 180. மந்தமான மாதம். வெளிநாட்டுக்காரர் 20,000 சட்டை கேட்கிறார். 165 ரூபாய்க்குமேல் ஒரு பைசாவும் தரமாட்டேன் என்கிறார். எடுக்கலாமா, கூடாதா?

"சட்டைக்கு 15 ரூபாய் நஷ்டம், வேண்டாம்" என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். பொறுங்கள். ஆர்டரை மறுத்தாலும் வாடகையும் வட்டியும் நிற்கப் போவதில்லை. 150 ரூபாய்தான் இந்த ஆர்டரால் புதிதாக ஆகும் செலவு. ஆகையால் சட்டைக்கு 15 ரூபாய் வீதம் 3 லட்ச ரூபாய் வாடகைக்கும் வட்டிக்கும் உதவியாய்க் கிடைக்கிறது. மறுத்தால் அதுவும் இல்லை. எடுப்பதே மேல்!

ஆனால் வருஷம் முழுவதும் 165-க்கே ஓட்டினால்? வாடகைக்கும் வட்டிக்கும் பாதிதான் தேறும்; மீதிக்குக் கடன் ஏறும்; ஒரு நாள் கதவைச் சாத்த வேண்டியதுதான். மேலும், 185 கொடுக்கும் பழைய வாடிக்கைக்காரர் காதில் இந்தச் சேதி விழுந்தால் அவரும் 165 என்பார். விழுந்த பள்ளத்தைத் தாண்ட ஒரு யோசனை. வழி நெடுகப் பள்ளமென்றால் வேறு யோசனை. குறுகிய காலம், நீண்ட காலம் என்று பொருளாதாரத்தில் பிரித்துச் சொல்வதன் சூட்சுமம் இதுதான்.

அப்புறம் டாலர் இருக்கிறது. ஒரு லட்சம் டாலருக்கு ஆர்டர் எழுதி, மூன்று மாதம் கழித்துப் பணம் வருகிறது. இதற்கிடையில் டாலர் விலையில் ஒரே ஒரு ரூபாய் குறைந்தாலும் ஒரு லட்ச ரூபாய் பறந்துவிடும். ஆகையால் பாங்கில் இன்றே ஒரு விலை பேசி வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு விதத்தில் இன்ஷூரன்ஸ்தான்.

நல்லது விலகும், கெட்டது தங்கும்

இப்போது காதர்பேட்டைக்கு வாருங்கள். ஏற்றுமதியில் கழிந்த 'செகண்ட்ஸ்' சரக்கு கட்டுக் கட்டாய் விற்கும் இடம். ஒரு கட்டில் நூல் பிசிறு மாத்திரம் இருக்கலாம். இன்னொன்றில் ஓட்டையே இருக்கலாம். விற்கிறவருக்குத் தெரியும்; பிரித்துப் பார்க்க முடியாமல் வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் இரண்டுக்கும் நடுத்தரமாய் ஒரு விலை சொல்வார். நல்ல கட்டு வைத்திருப்பவர், "இந்த விலைக்குக் கட்டாது" என்று எடுத்துப் போய்விடுவார். மிஞ்சுவது ஓட்டைக் கட்டுத்தான்! பழைய மோட்டார் வண்டிகளை வைத்து இதே தர்க்கத்தை 1970-ல் எழுதிய ஜார்ஜ் அகெர்லாப் 2001-ல் நோபல் பரிசையே தட்டிக்கொண்டு போனார்.

வைத்திய இன்ஷூரன்ஸிலும் இதே கதை. எல்லாருக்கும் ஒரே பிரீமியம் என்றால் நோயாளிகள் ஓடி வருவார்கள், திடகாத்திரமானவர்கள், "நமக்கெதற்கு?" என்று ஒதுங்குவார்கள். நஷ்டம் வருகிறதே என்று பிரீமியத்தை உயர்த்தினால், மிச்சமிருக்கும் ஆரோக்கியசாலிகளும் கம்பி நீட்டிவிடுவார்கள். கணக்கில் பிசகில்லை, ஆனாலும் கம்பெனி முழுகிப்போகும். மனிதர்கள் அட்டவணைக்குள் பொம்மைகளாக உட்கார்ந்திருப்பதில்லை. விலையைப் பார்த்து யோசிக்கிறார்கள், வருகிறார்கள், போகிறார்கள்!

இதற்கு என்ன வைத்தியம்? ஒரு வழி, எல்லாரையும் கட்டாயமாகச் சேர்த்துவிடுவது. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பெண் கையில் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதே, 1948-ம் வருஷத்துச் சட்டத்தில் பிறந்தது, அது இந்த வழியைச் சேர்ந்ததுதான். சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்று 2019 ஜூலையில் விகிதம் ஏற்பட்டது. நோயுள்ளவள், இல்லாதவள் என்று பார்க்காமல் எல்லாரும் சேருவதால்தான் இவ்வளவு சொற்பத்தில் முடிகிறது.

வெளிநாட்டுக்காரர் பணம் தராமல் கைவிரித்துவிட்டால் ஈடு கொடுப்பதற்கென்று 1957-ல் அரசாங்கம் ஏற்படுத்திய ஸ்தாபனம் ஒன்று உண்டு, இன்று இ.சி.ஜி.சி. என்று பெயர். திருப்பூரிலும் கிளை இருக்கிறது. ஆனால் நஷ்டம் முழுவதையும் அது ஏற்பதில்லை. ஒரு பங்கை ஏற்றுமதிக்காரரே தாங்க வேண்டும். ஏன்? முழுதும் கிடைத்துவிடும் என்றால், யார் எவர் என்று விசாரிக்காமல் எவனுக்கு வேண்டுமானாலும் சரக்கு அனுப்பிவிடுவாரே! கொஞ்சம் சுடும் என்றிருந்தால்தான் கை ஜாக்கிரதையாக இருக்கும்.

அவளுக்குச் சேர வேண்டியது

கடைசியாக, உங்களுக்கும் எனக்கும் மிக நெருக்கமான ஒரு கணக்கு. பத்து வருஷம் ஒரே கம்பெனியில் உழைத்த பெண்ணுக்கு, அவள் விலகும்போது கிராஜுவிட்டி சேர வேண்டும். 1972-ல் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. கணக்குச் சுலபம். மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, வருஷத்துக்கு 15 நாள் வீதம் கொடுக்க வேண்டும். கணக்கில் சேரும் சம்பளம் 13,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 7,500. பத்து வருஷத்துக்கு 75,000 ரூபாய். நிரந்தர வேலையானால் 5 வருஷ சர்வீஸ் வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவளுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருஷமே போதும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லி வையுங்கள்.

அந்தப் பணத்துக்குக் கம்பெனி இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? அதைச் சொல்வது ஆக்சுவரியின் வேலை. பத்து வருஷம் கழித்து ஒரு லட்சம் வேண்டுமென்றால், வட்டி 7 சதவீதமானால் இன்று சுமார் 50,800 ரூபாய் போதும். 6 சதவீதமானால் சுமார் 55,800 வேண்டும். ஒரே ஒரு சதவீதத்தில் ஐயாயிரம் வித்தியாசம்! வட்டி எவ்வளவு இருக்கும்? கூலி எவ்வளவு உயரும்? ஆர்டர் குறைந்தால் எத்தனை பெண்கள் வேலையை விட்டு ஊருக்குப் போவார்கள்? இவற்றில் எதற்காவது ஆயுள் அட்டவணை பதில் சொல்லுமா? பஞ்சு விலை, டாலர் விலை, ரிசர்வ் பாங்கின் வட்டி, அயல் தேசத்து வரி எல்லாம் தெரிந்தவள்தான் சொல்ல முடியும். அவள் குறைத்துச் சொன்னால் கம்பெனிக்கு அன்று சந்தோஷமாயிருக்கலாம். பத்து வருஷம் கழித்துப் பணம் கேட்டு வந்து நிற்பவளுக்குத்தான் கை வெறுமையாகும்.

ஆகவே உங்கள் பெண் இந்தப் படிப்பைக் கேட்டால், கணக்கு வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கடைத்தெருவில் விலை ஏறினால் ஏன் ஏறிற்று என்று கேட்கிறவளா, ஒருவருக்கு லாபம் என்றால் நஷ்டம் யாருக்கு என்று யோசிக்கிறவளா என்றும் பாருங்கள். பரீட்சைகள் பல, தேறுவதற்கு வருஷங்கள் ஆகும், பொறுமை வேண்டும். ஆனால் தேறி வந்து அவள் ஒரு தாளில் போடுகிற கையெழுத்தை நம்பித்தான் எங்கோ ஒரு பவர் டேபிளின் முன்னால் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் எழுபத்தையாயிரம் ரூபாய் பத்திரமாயிருக்கும்.